ஏறுவதற்கு இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறுவதற்குத்தான் காசு.
இறங்குவதற்கு இல்லை.
சுவரில் இரும்புப் பெட்டி, கீறல் போல் ஒரு வாய்.
இருபது தெத்ரி போட்டால்
ருஸ்தவி முழுவதும் கேட்கிற முனகலோடு
ஒன்பதாம் மாடிவரை தூக்கும்.
நான்கு பேர் சேர்ந்து ஏறினாலும் ஒரே நாணயம்.
நாங்கள் கூட்டமானது இப்படித்தான்,
பிடித்துப்போய் அல்ல, சிக்கனத்தில்.

பிறகு பிடித்துப்போனது.
ஷால்வா துப்பினால் நுக்ரியும் துப்புவான்.
தெக்லே முன்முடியை வெட்டிக்கொண்ட வாரம்
நானும் கத்தரிக்கோலோடு குளியலறையில் நின்றேன்.
"இது யார் முகம்?" என்றார் அப்பா.
தெரியவில்லை. கதவை அறைந்து சாத்தினேன்.
ஏன் சாத்தினாய் என்று கத்த வீட்டில் ஆளில்லை.
அம்மா பாரி நகரில்
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிறாள்.
இரவுச் சாப்பாட்டுக்கு
உப்புச் சாடியில் சாய்த்து வைத்த கைபேசியில் வருவாள்.
சிக்னல் போனால்
அவள் வாய் பாதி திறந்தபடி நிற்கும்.
நாங்கள் சாப்பிடுவோம்.

விளையாட்டு ஷால்வாவுடையது:
கதவுக்கு முதுகைக் காட்டி, பின்சுவரைப் பார்த்து நிற்பது.
பேசக்கூடாது. சிரிக்கக்கூடாது.
ஏத்தெரி ஏறினார், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர்,
பையில் கீரைக்கட்டும் சூடான ரொட்டியும்.
முதலில் கதவைத்தான் பார்த்தார்.
இரண்டாம் மாடியில் ஒரு தோள் அசைந்தது.
மூன்றில் பையைக் கை மாற்றுகிற சாக்கில் பாதி திரும்பினார்.
ஐந்தில் எங்களோடு சுவரைப் பார்த்து நின்றார்,
அங்கே ஏதோ எழுதியிருப்பதைப் போல.
சிரிப்பை அடக்கி அடக்கி
எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அக்டோபரில் வாஜா வந்தான். எட்டாம் மாடி, மாமா வீடு.
மலைப்பக்கத்துப் பேச்சு, ஒரு அளவு பெரிய காலணி.
"சனிக்கிழமை நாம் ஆற்றுக்குப் போவோம்" என்றான் ஷால்வா அவனிடம்.

வெள்ளிக்கிழமை குடிமையியல் வகுப்பு.
பலகையில் ஆசிரியை வட்டம் போட்டு
'குடும்பம்' என்று எழுதினார்.
வாஜா எழுந்தான். யாரும் கேட்கவில்லை, அவனாக எழுந்தான்.
"என் அம்மா கிரீஸில். மூன்று வருஷம்.
அவள் வாசனை எனக்கு மறந்துகொண்டு வருகிறது."
வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் வெளிநாட்டில்.
நாங்கள் அதைச் சொல்வதில்லை.
சொல்லக்கூடாதென்று
யாரும் ஒருநாளும் சொன்னதுமில்லை.

மாலையில் ஷால்வா,
"நாளைக்கு நாங்கள் ஆற்றுக்குப் போகிறோம்" என்றான்.
அவ்வளவுதான். அடி இல்லை, திட்டு இல்லை.

திங்கட்கிழமை அவன் லிஃப்டுக்குள் வந்தபோது
நான்கு முதுகுகள்.
நாணயம் ஏற்கெனவே விழுந்திருந்தது.
அவனும் ஒன்று போட்டான்.
திரும்புவான் என்று காத்திருந்தேன்.
திரும்பிவிடு, திரும்பிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம்.
மூன்று. ஐந்து. ஏழு.
கதவைப் பார்த்தே நின்றான்.
இடம் போதாமல் அவன் முதுகு என் முதுகில் பட்டது,
சூடாக.
எட்டில் "வருகிறேன்" என்று சொல்லி இறங்கினான்.
ஷால்வா சிரித்தான். நுக்ரி சிரித்தான்.
என் சிரிப்பு ஒரு மாடி தாமதமாக வந்தது.
தெக்லே என் வாயையே பார்த்தாள்.

நேற்று நான் மட்டும்.
காசைப் போட்டேன். ஏறியது.
நான்காம் மாடி தாண்டித்தான் கவனித்தேன்,
பின்சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறேன்.
யாரும் இல்லை. ஆட்டமும் இல்லை.
திரும்பலாம் என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே ஆறு, ஏழு.

நான் அழுத்தியது ஒன்பது. எட்டில் நின்றது.
முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.
அந்தப் பெரிய காலணி உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"மேலே போய்த்தான் கீழே வரும்.
ஏறிக்கொள்" என்றேன்
சுவரிடம்.